ஞானாபரணம் அத்தான் எடுத்த வசனம்

என் அக்கா தங்கத்தின் வீட்டுக்காரர் ஞானாபரணம் பயந்த சுபாவம் உள்ளவர் என்று சொன்னால் அது ரொம்பக் குறைத்துச் சொல்வது. இடி இடித்தால் ரேடியோ ஒயரைப் பிடுங்கிவிட்டு மூலையில் போய் உட்காருவார். பஸ்ஸில் ஏறியதும் டிரைவர் முகத்தைப் பார்ப்பார். தூக்கக் கலக்கம் தெரிந்தால் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். நந்தனத்தில் ஒரு கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. கீழே இருப்பவர்கள் லீவு கேட்டால் கொடுக்கவும் பயம், மறுக்கவும் பயம். நல்ல மனிதர், யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்ததில்லை. ஆனால் அவரோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

சாந்தோம் பக்கம் ஒரு சந்தில், மூன்று குடித்தனம் இருந்த வீட்டில், நடுப்போர்ஷன் அவர்களுடையது. பிள்ளைகள் இல்லை. அக்கா சர்ச்சில் தமிழ் ஆராதனைக்குப் போவாள், பாட்டுக்குழுவில் முன்வரிசை. அத்தான் அதே கோயிலில் ஆங்கில ஆராதனைக்குப் போவார். "இங்கிலீஷ்ல கேட்டாத்தான் தம்பி மனசுல நிக்குது" என்பார். ஆண்டவரையும் அவர் ஒரு பெரிய துரையாகத்தான் நினைத்திருந்தார் என்பது என் கட்சி. துரையிடம் தமிழில் பேசினால் மரியாதைக் குறைவு இல்லையா?

எங்கள் வேதக்காரக் குடும்பங்களில் வசனம் எடுப்பது என்று ஒரு பழக்கம் உண்டு. பெரிய காரியம் ஒன்றை முடிவு செய்யுமுன் ஜெபம் பண்ணி, கண்ணை மூடியபடி வேதப் புத்தகத்தைத் திறந்து விரலை வைப்பார்கள். விரல் பட்ட வசனம்தான் ஆண்டவர் தந்த பதில். போதகர்கள் சிலர் இதைக் கண்டிப்பார்கள். அத்தானோ மின்விசிறி வாங்கக்கூட வசனம் எடுத்தவர். அதில் அவருக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் எடுக்கவேண்டும். வந்த வசனம் பிடிக்கவில்லை என்று மறுபடி திறந்தால் அது ஆண்டவரைச் சோதிப்பது.

எழுபத்து மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் அக்காவின் கழுத்தில் கட்டி வந்தது. முதலில் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். பிறகு படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சர்ஜன் ஸ்ரீரங்கன் கட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, அவளை வெளியே உட்காரச் சொல்லி அத்தானிடம் பேசினார்.

"கட்டி மூச்சுக்குழாயை நெருக்கிண்டு வர்றது. அறுத்து எடுத்துடணும். கழுத்துல ஆபரேஷன், ஆபத்து இல்லேன்னு சொல்ல மாட்டேன். குரலுக்கான நரம்பு பக்கத்துலயே ஓடறது. ஆனா விட்டு வச்சா ஒரு நாள் மூச்சே நின்னுடும். செவ்வாய்க்கிழமை அழைச்சிண்டு வந்துடுங்கோ."

அத்தான் வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, தன் பழைய ஆங்கில வேதத்தை எடுத்தார். கறுப்புத் தோல் அட்டை, முந்நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ். விரல் போய் நின்றது சாலொமோன் ராஜாவின் புத்திமதிகளில். பெரிய மனிதர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் அடக்கமாகச் சாப்பிடு, பெருந்தீனிக்காரனாக இருந்தால் தொண்டையில் கத்தியை வைத்துக்கொள் என்கிற அர்த்தத்தில் ஒரு வசனம். சாப்பாட்டு விஷயம். வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு மூடி வைத்திருப்பார்கள். அத்தான் கண்ணில் பந்தி படவில்லை, தொண்டையும் கத்தியும்தான் பட்டன. வேர்த்து விறுவிறுத்துப் போய்விட்டார்.

கத்தி வை என்றால் ஆபரேஷன் செய் என்று உத்தரவா? அல்லது கத்தி பட்டால் உயிருக்கு ஆபத்து என்ற எச்சரிக்கையா? இன்னொரு வசனம் எடுக்க அவர் சட்டம் இடம் கொடுக்காது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வேறு வசனம் பார்த்தால்தானே பாவம்? இதே வசனத்தை வேறு மொழிபெயர்ப்பில் பார்த்தால்? ஆங்கிலத்தில்தான் புதிது புதிதாக வந்துகொண்டிருந்தனவே. தமிழ் வேதம் வீட்டிலேயே இருந்தது. ஆனால் அது அக்காவுடையது. கையில் எடுத்தால் எதற்கு என்று கேட்பாள். ஆங்கிலம் அவளுக்குப் படிக்க வராது. அதற்குள் ஒளிந்துகொள்வது அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

அக்காவிடமும் எங்களிடமும், டாக்டர் வெளியூர் போயிருக்கிறார், ஆபரேஷன் தள்ளிப் போகிறது என்று சொல்லிவிட்டார். வாழ்க்கையில் அவர் துணிந்து செய்த ஒரே காரியம் அந்தப் பொய்தான்.

ஆபீஸ் முடிந்ததும் தி. நகரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போய், அமெரிக்காவில் திருத்தி வெளியிட்ட சிவப்பு அட்டைப் புத்தகத்தைக் கடன் வாங்கி வந்தார். அதில் இங்கிலீஷ் கொஞ்சம் புதிசு, கத்தி அதே இடத்தில் இருந்தது. பிறகு போதகரிடம் இருந்த, மூன்று வருஷம் முன்பு இங்கிலாந்தில் வந்த புத்தம் புது மொழிபெயர்ப்பு. அதில் கத்தியை வைப்பதோடு விடவில்லை, முதலில் கழுத்தை அறுத்துக்கொள் என்றே போட்டிருந்தது. அன்றைக்கு அத்தான் ராச்சாப்பாடு சாப்பிடவில்லையாம். கடைசியில் அடையாறில் தங்கியிருந்த ஓர் அமெரிக்கத் தம்பதியிடம் போய் ஒரு பச்சை அட்டைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். வேதத்தைப் பேச்சு வழக்கில் எழுதியது. அதில் கத்தியே இல்லை! ருசியாக இருக்கிறதே என்று வயிறு முட்டச் சாப்பிடாதே, அவ்வளவுதான்.

இதில் நிம்மதி வரவேண்டும். அவருக்கோ பயம் இன்னும் கூடியது. கத்தி எங்கே போயிற்று? யார் எடுத்தது? கத்தி இல்லாததைத் தேர்ந்தெடுத்தால் ஆபரேஷன் வேண்டாம் என்றாகும், அப்படிச் செய்து அவள் மூச்சு நின்றால்? அறுக்கச் சொல்வதைத் தேர்ந்தெடுத்து மேசையிலேயே அவள் போய்விட்டால்? நாலில் எது ஆண்டவருடைய வாய், எது மனுஷனுடைய வாய்? தப்பான மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுத்தால் தங்கத்தைத் தானே கொன்றதாகும் என்று நினைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை போயிற்று. அடுத்த செவ்வாயும் போயிற்று.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலிலேயே எனக்கு அவள் மூச்சுச் சத்தம் கேட்டது, விசில் மாதிரி. உள்ளே கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு கறுத்திருந்தது. அடுத்த போர்ஷன் அமீனா பீ அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அத்தான் ஜன்னலோரம் மேஜையில் நாலு புத்தகங்களையும் விரித்து வைத்துக்கொண்டு, விரலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான், டாக்டர் இன்னுமா வரலே?" என்றேன்.

அமீனா பீதான் திரும்பினாள். "இன்னா சொல்றே? டாக்டரு எங்க போனாரு? எம் மவளுக்கு மருந்து வாங்க நேத்து போயிருந்தேனே, கட்டி அறுக்கிற அந்த அய்யரு டாக்டரு அங்கதான் கீறாரு. எங்கயும் போவலியாம். அக்கா மூச்சு வுட முடியாம தவிச்சிக்கினு கீது, நீ இன்னா சார் பொஸ்தகத்தப் பொரட்டிக்கினு கீறே?"

அத்தான் புத்தகத்திலிருந்து விரலை எடுத்தார். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். விரல் வைத்தது, கத்தி, கழுத்தை அறு என்றது, கத்தி காணாமல் போனது, பொய் சொன்னது எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கு அந்த நாலு புத்தகத்தையும் தூக்கி அவர் தலையில் போடலாம் போலிருந்தது. "எதை நம்புறதுன்னு தெரியலே தம்பி. நீயாவது சொல்லு, எது சரி?" என்று என் கையைப் பிடித்தார். கோபம் ஒரு பக்கம் இருக்க, அவருடைய பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அறுத்து அவள் செத்துப்போனால் என்ன செய்வேன்?

அக்கா கையைத் தூக்கினாள். பேச மூச்சைச் சேர்த்துக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஆண்டவர்கிட்ட நாலு இங்கிலீஷ்ல கேட்டுட்டீங்க," என்றாள். "கழுத்து என்னுது. என்கிட்ட தமிழ்ல ஒரு தடவை கேட்டீங்களா?"

அத்தான் புத்தகங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார்.

"உனக்குப் பயமா இல்லியா தங்கம்?"

"பயமாத்தான் இருக்கு. ராத்திரியெல்லாம் பயந்துக்கிட்டேதான் உக்காந்திருக்கேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிப் படிச்சிக்கிட்டு இருந்தீங்க, நான் யார்கிட்ட சொல்றது?" என்றாள். சொல்லி முடிக்குமுன் இருமல் வந்து கண் சொருகியது. நான் டாக்ஸி பிடிக்க ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்ரீரங்கன் சத்தம் போட்டார். "சொன்ன நாள்ல வந்திருக்கப்படாதோ? இப்ப கட்டி எவ்வளவு பெரிசாயிருக்கு பாருங்கோ." உடனே கத்தி வைக்கவேண்டும் என்று சொல்லி, புருஷன் கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினார். அத்தான் பேனாவைத் திறந்தார். திறந்தவர், காகிதத்தை எடுத்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரை நோக்கி நடந்தார். டாக்டர் பின்னாலிருந்து கூப்பிட்டதைக் காதில் வாங்கவில்லை.

"போடட்டுமா, தங்கம்?"

"போடுங்க," என்றாள் அக்கா. "கை நடுங்காமப் போடுங்க. டாக்டர் பாத்தா அவருக்கும் பயம் வந்துரும்."

கை நடுங்கத்தான் செய்தது. போட்டார்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். கட்டி அந்த நரம்பைச் சுற்றி வளர்ந்துவிட்டிருந்ததால் குரலைக் காப்பாற்ற முடியவில்லை. முதல் செவ்வாயிலேயே வந்திருந்தால் ஒருவேளை குரல் நின்றிருக்கும் என்றார் டாக்டர். பாட்டுக்குழுவில் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்தாள். அதற்காக நான் அத்தானை மன்னிக்கவே இல்லை, இன்றுவரை. அக்கா மன்னித்தாளா என்று அவளிடம் கேட்கும் தைரியமும் எனக்கு வந்ததில்லை.

பிறகு அவர்கள் சேர்ந்து வாழ்ந்த வருஷங்களில் அவளுக்குக் காற்று மாதிரி ஒரு முணுமுணுப்புதான் வந்தது. நாங்களெல்லாம் பாதி புரியாமல் தலையாட்டிவிடுவோம். அத்தான் மட்டும் எந்த வேலையில் இருந்தாலும் அதை விட்டுவிட்டு எழுந்து வந்து, அவள் வாயருகே காதை வைத்து, அவள் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை குனிந்தே நிற்பார்.