சரளா அக்கா சரிபார்த்த பெயர்

செய்தி வந்தபோது நான் மால்டாவில், ஒரு விடுதியின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். இங்கே பெண்கள் லீக்கில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பகலில் ஒரு வேலை இருக்கும். சாயங்காலம்தான் கால்பந்து. போனில் ஜோதியின் குரல் பதிவு. நம் அணியின் கோல்கீப்பர் ஜோதி எப்போதும் கத்தித்தான் பேசுவாள். அன்று கத்தவில்லை. "இந்து, சரளா அக்கா போய்ட்டாங்கடி. காலைல வேலைக்குக் கெளம்பசொல்ல மயக்கம் போட்டு வுழுந்தாங்களாம். அவ்ளோதாண்டி." அதைக் கேட்டுவிட்டு மேலும் மூன்று விரிப்புகளை மடித்தேன். நான்காவதை எடுக்கும்போதுதான் கை ஓடவில்லை.

அடக்கத்துக்கு என்னால் வர முடியவில்லை. அக்காவின் நினைவாக நம் அணியினர் நீங்கள் எல்லோரும் கூடும் அன்று வாசிக்க ஏதாவது எழுதி அனுப்பு என்று ஜோதி கேட்டாள். எனக்குப் பேச வராது, எழுதத்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அக்காவின் ஆட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் புழுதி படிந்த நம் மைதானத்தில், பதினைந்து வருடம் தடுப்பு வரிசையின் நடுவில் நின்றவர். காலால் தடுத்ததைவிட வாயால் தடுத்தது அதிகம். வியாசர்பாடி அணியோடு ஆடிய ஒரு ஆட்டத்தில் அவர்களுடைய முன்கள வீராங்கனை, யாரும் தொடாமலேயே பெனால்டி கட்டத்துக்குள் விழுந்து உருண்டாள். அக்கா அவள் பக்கத்தில் குனிந்து, "இன்னாமா, படுத்துக்கினே கோல் போடப் போறியா? தலகாணி எட்தாரட்டா?" என்றார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததைப் பார்த்த நடுவர் பெனால்டி கொடுக்கவில்லை. பஸ்ஸில் எப்போதும் புத்தகத்தோடு உட்காரும் என்னையும் அவர் விட்டதில்லை. "பந்து வந்துகினு கீதும்மா, எந்தப் பக்கத்துல கீற?" என்பார். பக்கம் என்றால் மைதானத்தின் பக்கமா புத்தகத்தின் பக்கமா என்று நான் விழிப்பேன். மொத்த அணியும் சிரிக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவருடைய இன்னொரு வேலையைப் பற்றி. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் அக்கா ஆவணம் பார்க்கும் எழுத்தர். ஏற்றுமதிச் சரக்கின் காகிதங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு எழுத்து மாறினாலும் கன்டெய்னர் கப்பல் ஏறாது. நம் பகுதியிலிருந்து மாலத்தீவுக்கோ பூட்டானுக்கோ ஆடப் போன பையன்களும் பெண்களும் தங்கள் காகிதங்களை அவரிடம் காட்டாமல் போனதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யார்டு வாசலில் போய் நின்றால் போதும். ஒரு கையில் எலுமிச்சை சாதம், இன்னொரு கையில் நம் பாஸ்போர்ட். விரலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டு, வாய்க்குள் முணுமுணுத்துப் படிப்பார்.

எனக்கு மால்டாவிலிருந்து அழைப்பு வந்தபோது நானும் அப்படித்தான் போய் நின்றேன். ஒரு நாட்டில் பதிவான ஆட்டக்காரர் வேறு நாட்டில் ஆட வேண்டுமென்றால், இங்குள்ள கால்பந்துச் சங்கம் அங்குள்ள சங்கத்துக்கு ஒரு மாற்றுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அதற்குக் கடைசி நாள் உண்டு. எனக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அக்கா என் சங்கத்துப் பதிவையும் பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடினார்.

"இன்னாடி இது? ரெண்டு பேர் கீறீங்க."

சங்கத்துப் பதிவில் நான் வ. இந்துமதி. வ என்பது என் அம்மா வசந்தா. பாஸ்போர்ட்டில் நான் இந்துமதி ஏழுமலை. ஏழுமலை என் அப்பா. எனக்கு எட்டு வயதாகும்போது எங்களை விட்டுப் போய், மீஞ்சூரில் வேறொரு குடும்பத்தோடு இருப்பவர். ஒன்பதாம் வகுப்பில் நானே தலைமை ஆசிரியையிடம் போய் இனிஷியலை மாற்றிக்கொண்டேன். பாஸ்போர்ட் எடுத்தபோது பிறப்புச் சான்றிதழில் இருந்த பெயர் அப்படியே வந்துவிட்டது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு எங்கும் போக வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

பாஸ்போர்ட்டை மாற்றிவிடலாமா என்று கேட்டேன். வாரக்கணக்கில் ஆகும் என்றார். சங்கத்துப் பதிவைப் பாஸ்போர்ட்டுக்கு ஏற்றபடி மாற்றினால் மூன்று நாளில் முடியும். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் போதும். நான் முடியாது என்றேன். அந்தப் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு ஆடுவதற்குப் போகாமலே இருந்துவிடுகிறேன் என்றேன். இந்த விஷயத்தை அதுவரை நான் யாரிடமும் பேசியதில்லை. உங்களில் பலருக்கு இது இன்றுதான் தெரிந்திருக்கும்.

அக்கா சமாதானம் சொல்லவில்லை. "அந்தாளு பேரு ஒட்டிக்கினு கீதேன்னு பாக்கற. அவருக்குப் பொறந்தது நெஜந்தான? நெஜத்த எழுதுனா கை சுட்டுறாது" என்றார். பிறகு, "நாளைக்கு டோல்கேட்டுக்கு வா. வராட்டிப் போ, உன் இஷ்டம்" என்று கையைக் கழுவப் போய்விட்டார்.

அன்று முழுவதும் அவர் மேல் கோபமாக இருந்தேன். மறுநாள் போனேன்.

டோல்கேட் பக்கத்தில் ஒரு டைப்பிங் கடை. டைப் அடிக்கும் பெரியவர் என் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. நம் பக்கத்தில் யார் வாயில் 'ழ' நின்றிருக்கிறது? எழுதியவர்கள் தங்கள் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்கள். அக்கா மூன்றையும் பார்த்துவிட்டு, "இன்னா நைனா இது, பேர்ல ஏழு மல கீது, ஒரு மலகூட ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போவல" என்றார். பெரியவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்பா உயிரோட கீறாரா, இல்லியாம்மா?"

அக்காதான் சொன்னார்: "மீஞ்சூர்ல நல்லா கீறாரு. நீ பாஸ்போர்ட்ல கீற மாதிரியே அடி நைனா."

கையெழுத்துப் போட பத்திரத்தை என் முன்னால் வைத்தார்கள். பேனாவை எடுத்தும் எழுத முடியவில்லை. அக்கா என்னைப் பார்க்கவில்லை. மால்டா கிளப்பிலிருந்து வந்த படிவத்தை எடுத்து, கடைப் பலகையில் சாய்ந்துகொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தார். முதல் பக்கத்துக்கு மேல் நான் படிக்காத படிவம் அது. நான்காவது பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"இங்க பாரு. சட்டைல இன்னா பேர் போடணும்னு தனியா ஒரு கட்டம் வுட்டுக்கீறான்."

எனக்குப் புரியவில்லை. அக்கா தன் யார்டு பாஷையில் விளக்கினார். சரக்கு யாருடையது என்பதற்குப் பில் என்கிற காகிதத்தில் ஒரு பெயர் இருக்கும். மரப்பெட்டியின் மேல் அடையாளத்துக்குப் பெயின்டால் எழுதுவது வேறு. அதை மார்க் என்பார்கள். "பில்லு ஆபீசருக்கு. அதுல பொய் சொல்லக் கூடாது. பொட்டி மேல இன்னா மார்க்குன்றது அனுப்பறவங்க இஷ்டம். உன்ன அனுப்பறது யாரு?"

"எங்கம்மா."

"அப்ப எழுது."

முதலில் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு நான்காவது பக்கத்தில் என் அம்மாவின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதினேன். அக்கா விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். சட்டையில் இந்தப் பெயரைப் போடலாமா என்று கிளப்புக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொன்னார். தாராளமாக என்று ஒரே வரியில் பதில் வந்தது.

கடையை விட்டு வெளியே வந்து சாத்துக்குடி ஜூஸ் குடித்தோம். அப்போதுதான் தன் கதையைச் சொன்னார், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்ட கதைபோல. "என்னையும் மாலத்தீவுல ஒரு டீம் கூப்ட்டாங்கோ. சங்கத்துக் கார்டுல சரளா. பாஸ்போர்ட்ல சரளாதேவி. தேவி யாருன்னு கேட்டாங்கோ. நான்தாம்பான்னு சொல்றதுக்குள்ள தேதி முடிஞ்சி கதவ மூடிட்டாங்கோ." அப்போது அவருக்கு இருபத்தாறு வயதாம். வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். "ஒரு வருசம் பேஜாராத்தான் இருந்திச்சி. அப்பறம் இந்த வேலைக்கு வந்தேன். அடுத்தவன் பேப்பர்ல தப்பு கண்டுபுடிக்கறது ஜாலியா கீதுடி" என்றார். ஜூஸில் ஐஸ் போடாதே என்று சொல்லியும் போட்டுவிட்டாயே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டார்.

நான் இங்கே வந்த இரண்டாவது வாரம், பயிற்சிக்கு முன்னால் வீடியோவில் கூப்பிட்டார். ஊர் எப்படி, சாப்பாடு எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. "புல்லு காட்டு" என்றார். போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு கோலிலிருந்து நடக்கத் தொடங்கினேன். பெனால்டி கட்டத்தின் விளிம்பைத் தாண்டியதும், "நில்லு, நில்லு" என்றார். நின்றேன். "இங்கதான் நான் நின்னுருப்பேன்." பிறகு, "சரி, நல்லா ஈரமா கீது. பூட்ஸுல ஸ்டட்டு நீட்டமா போடு, வழுக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்குப் பதிலாக நீங்கள் வந்திருக்கலாம் அக்கா என்று அன்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னைத் திட்டியிருப்பார். திட்டு வாங்கியாவது சொல்லியிருக்கலாம்.

என் அம்மா இங்கே ஒரு ஆட்டத்தையும் நேரில் பார்த்ததில்லை. என் சட்டையின் முதுகைப் படம் எடுத்து அனுப்பினேன். மீன் விற்கும் இடத்தில் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி, வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் காட்டினாளாம். "எம்பேருதான் ஓடுது அங்க" என்றாளாம். இதை எனக்குச் சொன்னதும் சரளா அக்காதான்.

மைதானத்துக்கு வெளியே, வங்கியில், மருத்துவரிடம், விசா அலுவலகத்தில், என்னை 'மிஸ் எலுமலாய்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வந்த புதிதில் இரண்டாவது முறை கூப்பிடும்வரை எழ மாட்டேன். நேற்று விசா நீட்டிப்புக்காகப் போயிருந்தேன். அக்காவின் ஞாபகமாகவே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள். முதல் முறையிலேயே எழுந்து, "நான்தான்" என்று சொல்லிவிட்டுக் கவுன்டருக்கு நடந்தேன். அப்பாவின் மேல் இருக்கும் கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அந்தக் கோபத்தோடேயே எழுந்து நடக்க முடிகிறது. சரளா அக்காவிடம் நான் கற்றுக்கொண்டது அந்த நடையைத்தான்.