கூட ஒரு ஆள்

ஊரில் அவரை மோட்டார்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கிணற்று மோட்டார் நின்றுபோனால் அவர் ஞாபகம் வரும்; ஓடத் தொடங்கியதும் மறந்துபோகும். மனைவி இறந்த பிறகு அவர் வீட்டில் பேச்சுக்குரல் என்றால் ரேடியோதான். ஒரே மகள் தூரத்து நகரத்தில் தொழிற்சாலை வேலையில் இருந்தாள்.

கனத்த மோட்டார்களைத் தூக்கித் தூக்கி அவருக்கு அடிவயிற்றில் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டது. இருமினால் உயிர் போய்த் திரும்பும். சுகாதார நிலையத்து நர்ஸம்மா பார்த்துவிட்டு, "ஹெர்னியா. ஆபரேஷன் பண்ணியே ஆகணும்" என்றாள். அதுவரை அரசுக் காப்பீடு மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டும்தான். அந்த வருடம் சட்டத்தை மாற்றி, கூலிக்காரர்களையும் கைத்தொழில் செய்கிறவர்களையும் சேர்த்திருந்தார்கள். நர்ஸம்மாவே அவரைப் பதிந்து, அட்டையைக் கையில் கொடுத்தாள். "இனிமே உங்களுக்கும் எல்லாம் ஃப்ரீதான்."

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறையை எப்போதோ பூட்டிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அட்டை செல்லுபடியானது. ஆனால் கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"கூட யார் வந்திருக்காங்க?"

"யாருமில்லம்மா. நான் மட்டும்தான்."

"ஆள் இல்லாம அட்மிஷன் போட முடியாதுங்க. மயக்கம் தெளியும்போது பக்கத்துல யாராவது இருக்கணும். சொந்தக்காரங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க."

மகளுக்குப் போன் செய்தார். "லீவு கேட்டா வேலையே போயிடும்ப்பா. இருந்தாலும் கேட்டுப் பாக்கறேன்" என்றாள்.

"அதெல்லாம் வேண்டாம். டீக்கடைக்காரர் வரேன்னு சொல்லியிருக்கார்."

டீக்கடைக்காரரிடம் அவர் இன்னும் வாயே திறக்கவில்லை. மறுநாள் கேட்டபோது, "அதுக்கென்ன, போயிட்டு வந்துடலாம்" என்று மனதார ஒப்புக்கொண்டார் அந்த மனிதர். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் நெருங்கியதும், கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை என்று கையைப் பிசைந்தார்.

மோட்டார்காரர் தனியாகவே போனார். "தம்பி பின்னாடி வந்துட்டிருக்கான்" என்று கவுன்ட்டரில் சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்குத் தம்பியே கிடையாது. பக்கத்தில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் இருந்தாள். ஐம்பது வயது இருக்கலாம்.

"உங்க தம்பி வரப் போறதில்ல, இல்லையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

அவருக்கு முகம் சுண்டிப்போனது. "எப்படிச் சொல்றீங்க?"

"போன தடவை நானும் இதே பொய்தான் சொன்னேன். அக்கா பஸ்ல வராங்கன்னு. சாயங்காலம் வரைக்கும் உக்கார வெச்சு அனுப்பிட்டாங்க."

அவள் மலையடிவாரக் கிராமத்துத் தையல்காரி. பித்தப்பையில் கல். கணவன் பிரிந்து போய் வெகுகாலமாகிறது. துணிப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். பிறகு அவள் சொன்னாள்:

"உங்களுக்கு நான் இருக்கேன். எனக்கு நீங்க இருங்க."

கவுன்ட்டரில் என்ன உறவு என்று கேட்டதற்கு, "எங்க அண்ணன்" என்றாள், கண் இமைக்காமல்.

மயக்கம் தெளிந்தபோது நாற்காலியில் தலை சாய்த்து அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தன் படுக்கை அருகில் ஒருவர் தூங்குவதைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்தபடி அவர் கிடந்தார். விழித்ததும் அவள் முதலில் கேட்டது, "வலிக்குதாண்ணே?"

காயம் ஆறியதும் அவள் முறை வந்தது. ஆபரேஷனுக்கு முன் டாக்டர் வெளியே வந்து, "உங்க தங்கச்சிக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா? முன்னாடி ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா?" என்று கேட்டார். மோட்டார்காரர் விழித்தார். அவளைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. "அவங்களையே கேட்டுடுங்க டாக்டர்" என்று சமாளித்தார்.

குணமாகி, பஸ் நிலையத்தில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். எப்போதாவது போனில் பேசிக்கொண்டார்கள். தையல் அதிகமா, மழை உண்டா, அவ்வளவுதான். அந்தப் போன் வந்த நாட்களில் அவர் ரேடியோ போட மறந்துவிடுவார்.

அடுத்த வருடம் மறுபக்கமும் புடைத்தது. நர்ஸம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இந்தத் தடவை அலைய வேண்டாம். தனியா வரவங்களுக்குத் துணைக்கு ஆஸ்பத்திரியே ஆள் போடுது. காப்பீட்டுலயே சேர்த்துட்டாங்க."

நல்ல ஏற்பாடுதான். எத்தனையோ பேர் திரும்பிப் போகாமல் பிழைப்பார்கள். அன்று மாலை அவர் தையல்காரிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார்.

"அப்ப நான் வர வேண்டாமாண்ணே?"

வா என்று சொல்லத்தான் நினைத்தார். இரண்டு பஸ், அவள் உடம்பு, அவள் பிழைப்பு எல்லாம் குறுக்கே வந்தன.

"வேண்டாம்மா. ஆள் இருக்கு."

"நல்லதுதான்" என்றாள் அவள்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. துணைக்கு வந்த பெண் கழுத்தில் அடையாள அட்டையோடு, வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள். அவள் பார்த்துக்கொள்ள அதே வரிசையில் இன்னும் மூன்று படுக்கைகள் இருந்தன.