கடைசி நேரத்து மருந்து

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அக்கா என்றுதான் பெயர். அவளைவிட மூத்த, ஆய்வை நடத்தும் மேடம்கூட அப்படித்தான் கூப்பிடுவார். பதினொரு வருஷமாகச் செல்களை உடைத்து உள்ளே இருப்பதைப் பார்க்கும் உத்தியோகம். வீட்டில் ஒரு தட்டு உடைந்தால் மட்டும் அரைநாள் புலம்புவாள்.

செல்லின் உட்கருவில் ஒரு புரதத்தின்மேல் குட்டிப் புரதம் ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிடச் சில நொதிகள், கழற்றிவிட ஒரு நொதி. செல் முழுசாக இருக்கும்வரை இரண்டு தரப்பும் சரிக்குச் சரி. உடைத்துவிட்டால் ஒட்டுகிறவை ஓய்ந்துவிடும். கழற்றுகிறதோ விடாக்கண்டன், சில நிமிஷத்தில் எல்லாவற்றையும் உருவிவிடும். அதை அடக்க ஒரு மருந்து உண்டு. முன்கூட்டியே கலந்து வைத்தால் வீரியம் போய்விடும். செல்லை உடைக்கும் கரைசலில் கடைசி நேரத்தில்தான் சேர்க்க வேண்டும்.

போன மாதம் அந்தக் கடைசி நேரத்தில் போன் அடித்தது. அவள் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் மெக்கானிக். கரை நெருங்கினால்தான் சிக்னல். எட்டு நிமிஷம் பேசினாள். அந்தக் குரலின் மயக்கத்திலேயே திரும்பி வந்து, மருந்து சேர்க்காத கரைசலை ஊற்றிவிட்டாள். புரதங்களைப் பிரித்து எடுத்த படத்தில், குட்டிப் புரதம் ஒட்டியிருப்பதைக் காட்டும் பட்டை வர வேண்டிய இடம் வெறிச்சென்று கிடந்தது. புரதத்தை அடையாளம் காட்டும் ஆன்டிபாடிதான் கெட்டுவிட்டது என்று மேடம் அதைக் குப்பையில் போட்டார். அக்கா வாயைத் திறக்கவில்லை.

இப்போது மிஞ்சியிருந்தது ஒரே தட்டுச் செல்கள். இதிலும் பட்டை வராவிட்டால் ஆய்வையே மூடிவிடலாம் என்று மேடம் சொல்லியிருந்தார். மருந்தைக் கையில் எடுத்தபோது கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. யார் என்று பார்க்கவே வேண்டாம். மருந்தைச் சேர்த்தாள், கரைசலை ஊற்றினாள், செல்களைச் சுரண்டி எடுத்தாள். அதற்குள் அதிர்வு நின்றுவிட்டது.

கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் ஒரு செய்தி. "வேலையா இருக்கே போல. கப்பல் கிளம்புது. அடுத்த கரைக்கு இருபத்தாறு நாளாகும்." திரும்ப அழைத்தாள், தொடர்பு கிடைக்கவில்லை. ஒரு வார்த்தை, வெறும் 'சாப்பிட்டியா' என்று கேட்டிருந்தால்கூடப் போதுமே என்று ஏங்கினாள்.

மறுநாள் படத்தில் பட்டை பளிச்சென்று விழுந்திருந்தது. மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஆன்டிபாடியை மாற்றியதால் வந்த பலன் என்றார்.

"ஆன்டிபாடி மேல தப்பில்ல மேடம். போன தடவை நான்தான் மருந்து சேர்க்க மறந்துட்டேன். அவர் பேசிட்டிருந்தார்."

மேடம் படத்தைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை.

"இந்தத் தடவை அவர் கூப்பிடலையா?"

"கூப்பிட்டார்" என்றாள் அக்கா.