பதினாலாம் நம்பர்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு எலிக்காரர் என்றுதான் பெயர். இருபது வருஷமாக எலிகளுக்குத் தீனி வைத்து, கூண்டு கழுவி, எடை பார்த்து எழுதித் தருகிறார். பக்கத்து அறையில் கண்ணாடிக் குழாய் கழுவுகிற எனக்கு அவருடைய வாய் அத்துப்படி. "மேடத்தைவிட என் எலிங்க மரியாதை தெரிஞ்சதுங்க" என்பார், ஆராய்ச்சியை நடத்துகிற மேடம் காதில் விழும்படியே.

போன வருஷம் புது மருந்து ஒன்றைச் சோதித்தார்கள். ஊசியில் தண்ணீராக இருக்கும். உடம்புச் சூடு பட்டதும் ஜெல்லி மாதிரி உறைந்து, புற்றுக்கட்டியிலேயே தங்கி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். மற்ற இடத்தை வாட்டாது. பதினாலாம் நம்பர் எலிக்குப் பட்டாணி அளவு இருந்த கட்டி மூன்றே வாரத்தில் கரைந்துபோனது.

அதே மாதம் அவர் மனைவிக்குக் கழுத்தில் கட்டி. ஆஸ்பத்திரி மருந்தில் முடி கொட்டியது, சோறு இறங்கவில்லை. கட்டி மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

மேடத்திடம் போய் நின்றார். அவர் கெஞ்சி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஒரே ஒரு ஊசி மேடம். எதுல வேணும்னாலும் கையெழுத்து போடறோம்."

"எலிக்குக் கேட்டது மனுஷங்களுக்குக் கேக்கும்னு சொல்ல முடியாதுண்ணே. உயிருக்கே ஆபத்தாயிடலாம். மனுஷங்களுக்குப் போட்டுப் பாக்கவே இன்னும் நாலஞ்சு வருஷம் ஆகும்."

மேடம் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மருந்து எட்டடி தள்ளி ஃபிரிட்ஜில் இருந்தது. சாவிகூட எலிக்காரரிடம்தான். கையைப் பிசைந்தாரே தவிர, தொடவில்லை.

"நானே போட்டு நானே கொன்னுட்டேன்னா?" என்றார் என்னிடம்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சொல்லிச் சொல்லி, வீட்டில் அக்காவுக்குப் பதினாலாம் நம்பர் மேல்தான் உயிர். தினமும் விசாரிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, குணமான எலிகளை அறுத்து உள்ளே பார்க்க வேண்டும் என்றார்கள். சோதனை என்றால் அதுதான் முறை. அவரே பதினாலாம் நம்பரைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். காலியான கூண்டை இரண்டு தடவை கழுவினார். மனசு கேட்காமல் சாயங்காலம் அவர் வீட்டுக்கு நானும் கூடப் போனேன்.

அக்கா தலையணையில் சாய்ந்திருந்தார்.

"நம்மாளு எப்படி இருக்கா?"

"நல்லா சாப்பிடறா."

"பொழைச்சவள எதுக்கு இன்னும் கூண்டுல வச்சிருக்காங்க? விட்டுடச் சொல்லுங்க, பாவம்."

அவ்வளவு வாய் பேசுகிற மனுஷன் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னைக்குத்தான் விட்டாங்க" என்றார்.

அக்கா முகம் மலர்ந்துவிட்டது. பல நாளுக்குப் பிறகு ஒரு தம்ளர் பாலை முழுசாகக் குடித்தார். தம்ளரைப் பிடித்திருந்தது, காலையில் பதினாலாம் நம்பரைத் தூக்கிக் கொடுத்த அதே கை.