சூரியனை வரைந்த கோடை

ஐம்பதுகளின் கடைசியில் பெங்களூரில் பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டுக் கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது இயற்பியல் பேராசிரியர் எனக்கும், தளியிலிருந்து வந்த வகுப்புத் தோழிக்கும் ஆளுக்கொரு சின்னத் தொலைநோக்கி கொடுத்தார். தினமும் சூரிய பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழவைத்து, தெரிகிற கரும்புள்ளிகளைப் பென்சிலால் வரைய வேண்டும். வானம் மூடியிருந்தால் ‘மேகம்’ என்று எழுத வேண்டும். நன்றாகச் செய்பவருக்கு அடுத்த கோடையில் மலைமேல் உள்ள வான் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதம் வேலை. ஒரே இடம்தான்.

அது எனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். குருபரப்பள்ளியில் எங்கள் களத்தில் காலையிலேயே வெயில் கொளுத்தும். தளியிலோ பாதி நாள் மூட்டம். பாவம், அவள் எதைப் பார்க்கப்போகிறாள் என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

மே கடைசியில் ஒருநாள் எங்கள் ஊரையும் மழை பிடித்துக்கொண்டது. அதுவரை ஒருநாளும் விடாத என் தாள்களில் ஓர் ஓட்டையா? புள்ளிகள் ஒரு நாளில் எவ்வளவு நகரும் என்பது எனக்கு அத்துப்படி. முந்தின நாள் படத்தை வைத்துக்கொண்டு அளந்து, நகர்த்தி வரைந்துவிட்டேன். அழகாகவே வந்தது.

கல்லூரி திறந்ததும் ஆய்வகத்தில் இருவரும் தாள்களைப் பரப்பினோம். அவளுடையதில் பதினோரு ‘மேகம்’. மற்ற படங்களைப் பார்த்து அசந்துபோனேன். அவரைக்காய்த் தோட்டத்தில் தொலைநோக்கியை நிறுத்தி, மேகம் விலகும் இரண்டு நிமிஷத்துக்காக மத்தியானம் வரை காத்திருக்கிறாள். எனக்கெல்லாம் அந்தப் பொறுமை வராது. போதாததற்கு, யாரும் சொல்லாமலே, புள்ளிகளின் நகர்வை கிராஃப் தாளில் குறித்துச் சூரியன் சுற்றும் வேகத்தைக் கண்டுபிடிக்க இறங்கியிருந்தாள்.

“மே கடைசியில மழை பெஞ்ச அன்னிக்குப் படம் எங்கிட்ட இல்லைங்க. உங்களுது இருக்குதே, அதை வெச்சுக்கறேன்,” என்று என் படத்தில் ஸ்கேலை வைத்து அளந்து, கிராஃபில் ஒரு புள்ளியும் வைத்துவிட்டாள்.

வேகத்தைக் கண்டுபிடிக்க அவள் எடுத்த படமே, வேகத்தைக் கணக்குப் போட்டு நான் செய்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மலைக்குப் போகலாம். ஆனால் அவள் உழைப்பில் என் பொய் கலந்துவிடும்.

“அது பார்த்து வரைஞ்சதில்லைங்க. எங்க ஊர்லயும் மழைதான். நானே போட்டுட்டேன்.”

ரப்பரை எடுத்து அந்தப் புள்ளியை அழித்தாள்.

“மத்த நாளெல்லாம் பார்த்ததுதானே?”

“ஆமாங்க.”

“சரி” என்று என் மற்ற தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அளக்கத் தொடங்கினாள்.

பேராசிரியரிடமும் நானே போய்ச் சொன்னேன். மலைக்கு அவள்தான் போனாள். போக வேண்டியவளும் அவள்தான். அவரிடம் அவள் கொடுத்த கிராஃபின் அடியில் ‘சூரியனைப் பார்த்தவர்கள்’ என்று எழுதி, தன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் போட்டிருந்தாள்.