நாற்பத்து மூன்று முறை நின்ற பெரியவர்

அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் உதட்டைப் பிதுக்குவார்கள். டைரியம்மா என்று கேட்டால் போதும், பெயர்ப் பலகை செய்கிற போர்டு கடையைக் கை காட்டிவிடுவார்கள். பட்டம் கொடுத்தது நாத்தனார். கொடுத்ததில் நியாயமும் இருந்தது. கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி போட்ட நாள், குழாய் ரிப்பேர்காரர் சொன்ன சாக்கு, எல்லாம் அவள் டைரியில் இருக்கும். "கதவுத் தாழ்ப்பாளை இந்த வாரம் சரி செய்வதாகச் சொன்னார்" என்று தன் வீட்டுக்காரரைப் பற்றி நான்கு வருட டைரிகளில் நான்கு இடத்தில் எழுதியிருக்கிறாள். தாழ்ப்பாள் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் முதல் வரியில் வெயிலா மழையா என்று எழுதாமல் அவளுக்குப் பேனா ஓடாது. மனிதர்களுக்கு எத்தனையோ பைத்தியம், இவளுக்கு இது. யாருக்கும் கெடுதல் இல்லாத பைத்தியம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

கடைக்கு இரண்டு அறை. முன் அறையில் நாத்தனார் ராஜ்ஜியம். வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. அப்பா விட்டுப்போன கடையைத் தனி ஆளாக நிமிர்த்தியவர். ஆர்டர் பிடிப்பது, ஆளை மிரட்டுவது, இரண்டும் அவர் பொறுப்பு. வீட்டுக்காரர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் போர்டு மாட்டப் போய்விடுவார். பின் அறையில் டைரியம்மா. ஸ்டிக்கர் சுருளை மெஷினில் மாட்டி, கம்ப்யூட்டரில் எழுத்துகளை அடுக்கி, கத்தி வெட்டித் தள்ளுவதை உரித்து எடுப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

கம்ப்யூட்டருக்கும் பட்டம் உண்டு: பெரியவர். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தவர், இப்போது பழைய காகித நிறம். அவரை மாற்ற முடியாது. ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் அவருக்குச் சம வயது. அதன் கேபிளை மாட்டுகிற அகலமான துளை புதுக் கம்ப்யூட்டர்களில் கிடையாது. ஒன்றை மாற்றினால் இரண்டையும் மாற்ற வேண்டும். ஆகவே பெரியவர் இருமினாலும் தும்மினாலும் அவரை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டியிருந்தது.

இரண்டரை மாதத்துக்கு முன்னால் பெரியவர் நிற்க ஆரம்பித்தார். நன்றாக ஓடிக்கொண்டிருப்பார், திடீரென்று திரையில் அம்புக்குறி அசையாது. எந்தப் பொத்தானைத் தட்டினாலும் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருப்பார். மெஷினின் கத்தி பாதி எழுத்தில் குத்தியபடி நிற்கும். அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்துவிடுவார். சில நாள் நான்கு முறை, சில நாள் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு தடவையும் டைரியம்மா மணியைப் பார்த்து எழுதி வைத்தாள்.

டெக்னீசியன் வந்தான். தூசியை ஊதினான். மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். மறுநாளே ஹேங். மெமரியையே மாற்றினான். ஹேங். பவர் சப்ளை பெட்டியை மாற்றினான். ஹேங். கடைசியில் பெரியவரைத் தன் கடைக்கே தூக்கிக்கொண்டு போய் நான்கு நாள் இரவு பகலாக ஓட விட்டான். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

திங்கட்கிழமை காலை கொண்டுவந்து வைத்துவிட்டு, "அக்கா, என் கடையில பூனை மாதிரி சமத்தா இருந்துச்சு. இதுக்கு மேல என்ன பார்க்கறதுன்னு எனக்குத் தெரியல," என்றான்.

அவன் படி இறங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். பதினொன்று இருபதுக்கு பெரியவர் நின்றுவிட்டார். நாத்தனார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க ஓடுது, இங்க ஓடல. அப்போ கோளாறு கம்ப்யூட்டர்ல இல்ல. உட்கார்றவங்ககிட்ட," என்றார்.

டைரியம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. நாத்தனார் அதோடு விடவில்லை. புது ஆஸ்பத்திரிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அறைப் பெயர்கள் வெட்ட வேண்டியிருந்தது. அடுத்த திங்கள் திறப்பு. கடைக்கு இதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அன்னைக்கும் இது நின்னா, மொத்தத்தையும் அடுத்த தெருக் கடையில வெட்டக் கொடுத்துடறேன். இனிமே எல்லா வெட்டும் அங்கதான். இந்த ரூம்ல சாமான் போட்டுக்கலாம். நீயும் வீட்ல நிம்மதியா இரேன்," என்றார்.

வீட்டில் நிம்மதியாக இருப்பது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் டைரியம்மா ஒரு ஆள். எழுந்தால், அண்ணி என்று அவள் கூப்பிடும் நாத்தனாருக்குத் தம்பி பெண்டாட்டி, அவ்வளவுதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை; டைரியை எடுத்து, "11.25. கோளாறு உட்காருகிறவர்களிடம் என்று அண்ணி சொன்னார்" என்று எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை அந்த இரண்டரை மாதத்தையும் வரி வரியாகப் படித்தாள். நாற்பத்து மூன்று ஹேங். மணியில் ஒழுங்கு இல்லை. பெரிய வேலை, சின்ன வேலை என்ற பேதமும் இல்லை. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சலித்துப்போய் டைரியை மூடப் போனவள் கண்ணில் முதல் வரிகள் பட்டன. வெயில், வெயில், மழை. பதினோரு நாள் மழை பெய்திருந்தது. பதினோரு நாளும் பெரியவர் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினாள். சனிக்கிழமை காலைகளிலும் ஹேங் இல்லை; மதியத்துக்கு மேல்தான். சனிக்கிழமை காலை அவள் பின் அறையைத் தண்ணீர் விட்டுத் துடைக்கிற நாள். ஈரத்தைக் கண்டால் பெரியவர் அடங்கிவிடுகிறார். இது என்ன கூத்து என்று இன்னும் பின்னால் போனாள். முதல் ஹேங்குக்கு மூன்று நாள் முன்னால் எழுதியிருந்தது: "மேஜையை ஜன்னல் பக்கம் மாற்றினோம். வயர் எட்டவில்லை, எக்ஸ்டென்ஷன் போர்டு போட்டோம். தரைக்கு ஃப்ளெக்ஸ் விரித்தோம்." போன் நம்பரில் ஓர் எண் தப்பாக அச்சாகி வீணாய்ப்போன பேனர் அது. எந்த போர்டு கடையிலும் வீணான பேனரைத் தூக்கிப் போட மாட்டார்கள், தரையில் விரித்துவிடுவார்கள். அதற்கு நாலைந்து நாள் கழித்து ஒரு வரி: "இரும்பு அலமாரியைத் தொட்டால் சுரீர் என்கிறது. அவருக்கும் அப்படியாம். சிரித்தோம்."

மேஜையை மாற்றலாம் என்று சொன்னது அவளேதான். வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று. தன் கையாலேயே இதைச் செய்துகொண்டோமோ என்று அவளுக்குப் பகீரென்றது. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது.

புதன்கிழமை நல்ல வெயில். முதலில் தரையை ஈரமாகத் துடைத்துவிட்டு முக்கால் மணி நேரம் வெட்டினாள். பெரியவர் சமத்து. பிறகு மின்விசிறியை வேகமாக வைத்து ஃப்ளெக்ஸைக் காய விட்டாள். ரப்பர் செருப்போடு அதன் மேல் நான்கு நடை நடந்தாள். சுருளிலிருந்து இரண்டு முழம் ஸ்டிக்கரைச் சரசரவென்று இழுத்தாள். முன்கை முடி எழுந்து நின்றது. மெஷினின் இரும்பு ஓரத்தை ஒரு விரலால் தொட்டாள். சுரீர். திரையில் அம்புக்குறி செத்துவிட்டது.

பெரியவரை எழுப்பி மறுபடியும் செய்தாள். மறுபடியும் நின்றார். இரண்டரை மாதமாக இஷ்டத்துக்கு நின்றுகொண்டிருந்தவர், இப்போது அவள் நிற்கச் சொன்னால் நிற்கிறார். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. யாரும் இல்லாத அறையில் டைரியம்மா சத்தமாகச் சிரித்தாள். சிரித்துவிட்டு டெக்னீசியனுக்கு போன் செய்தாள்.

தரை துடைத்தால் கம்ப்யூட்டர் நிற்பதில்லை என்று அவள் ஆரம்பித்ததும் அவனும் சிரித்தான். இரும்பு அலமாரி வரைக்கும் வந்தபோது அவன் சிரிப்பு நின்றிருந்தது.

"அக்கா, அந்த எக்ஸ்டென்ஷன் போர்டுல எர்த் இருக்கா?"

"மூணு கால் பிளக்தான்ப்பா."

"கால் இருக்கட்டும். சுவர்லேர்ந்து உருவிட்டு, திறந்து பாருங்க. உள்ள எத்தனை வயர் வருது?"

ஸ்க்ரூடிரைவரால் பிளக்கைத் திறந்தாள். கால் மூன்று, வயர் இரண்டு. எர்த்துக்கான மூன்றாவது கால் சும்மா பேருக்கு நின்றுகொண்டிருந்தது. எப்போதோ ஒரு பல்பு போர்டுக்காக வீட்டுக்காரர் அவசரத்தில் முடுக்கிய வயர் அது.

வியாழக்கிழமை டெக்னீசியன் மூன்று வயர் உள்ள புது போர்டோடு வந்து, மெஷினின் உடம்பிலிருந்தும் எர்த்துக்குத் தனியாக ஒரு வயர் இழுத்தான். ஃப்ளெக்ஸைச் சுருட்டி வெளியே போட்டார்கள். வீட்டுக்காரர் ஏணியைச் சாத்திவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"காய்ஞ்ச நாள்ல ஸ்டிக்கர் உரசினா கரன்ட் சேரும் சார்," என்று டெக்னீசியன் அவருக்கு விளக்கினான். "போக வழி இருந்தா பேசாம பூமிக்குப் போயிடும். இங்க வழி இல்ல, கேபிள் வழியா பெரியவர் தலைக்கு ஏறிடுச்சு. ஈரமா இருந்தா சேரவே சேராது. என் கடையில ஃப்ளெக்ஸும் இல்ல, ஸ்டிக்கரும் இல்ல. நான் ஒரு வருஷம் வெச்சிருந்தாலும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்." பிறகு டைரியம்மா பக்கம் திரும்பி, "அக்கா, மேஜை மாத்தினதை எழுதின அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான். இதுவரை அவள் டைரியை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"நான்தான் அந்த வயரை மாட்டினேன்," என்றார் வீட்டுக்காரர் மெதுவாக.

"தெரியும். தேதியோட இருக்கு," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஒரு துளி மேகம் இல்லை. பெரியவர் நிற்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. எர்த், பூமி என்று தம்பி சொன்னதை நாத்தனார் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருந்தார். காலை ஒன்பது மணிக்கே பின் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கையில் போன், அதில் அடுத்த தெருக் கடையின் நம்பர் தயாராக இருந்தது. டைரியம்மா சுருளை மாட்டி வேலையைத் தொடங்கினாள்.

ரத்தப் பரிசோதனை. எலும்பு முறிவு. குழந்தைகள் பிரிவு. கத்தி சரக் சரக்கென்று ஓடியது. ஐம்பது முடிந்தது. நூறு முடிந்தது. மதியம் சாப்பிட எழுந்திருக்கக்கூட நாத்தனாருக்கு மனசில்லை. நூற்று அறுபத்து ஏழாவது பெயரில் மெஷின் டக்கென்று நின்றது.

நாத்தனாரின் கட்டை விரல் போன் மேல் போயிற்று. டைரியம்மா திரையைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் மெஷினைப் பார்த்தாள். சுருள் காலியாகி அட்டைக் குழல் தெரிந்தது. கையை நீட்டி மவுஸை அசைத்தாள். அம்புக்குறி திரை முழுக்க ஓடியது.

"ஸ்டிக்கர் தீர்ந்துடுச்சு அண்ணி. வேற ஒண்ணுமில்ல," என்றாள்.

நாத்தனார் எழுந்தார். மூலையில் இருந்த புதுச் சுருளைத் தானே தூக்கிக்கொண்டு வந்து நீட்டினார். அதற்குப் பிறகு போனை அவர் கையில் எடுக்கவில்லை.

கடைசிப் பெயரை உரித்து வைத்தபோது மணி நாலேகால். மேஜை முழுக்க இருநூற்றுப் பன்னிரண்டு அறைகள் அடுக்காக இருந்தன. டைரியம்மா டைரியைத் திறந்தாள். அவள் எழுதுவதை நாத்தனார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "வெள்ளி. நல்ல வெயில். 212. ஹேங்: இல்லை."

பிறகு அவர் கண் மேலே, அந்தத் திங்கட்கிழமை வரிக்குப் போயிற்று.

"இதையுமா எழுதி வெச்சிருக்க?"

"எல்லாத்தையும்தான் அண்ணி எழுதறேன்."

நாத்தனார் பேனாவைக் கை காட்டினார். "அப்போ இன்னொண்ணும் எழுது. உட்கார்றவங்ககிட்ட கோளாறுன்னு நான் சொன்னது தப்புன்னு எழுது. அந்த நாற்காலி உன்னோடதுன்னும் எழுது."

டைரியம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, முதலில் மணியை எழுதினாள்: 4.20.