பெடாஸில் குடித்த கற்பூரக் காப்பி

உங்கள் நாக்கை நம்பி யாராவது ருசி பார்க்க அழைத்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கிளம்புங்கள். போன சனிக்கிழமை நான் யோசிக்கவில்லை. கல்லூரித் தோழி விமலாவும் அவள் கணவர் சேகரும் பெடாஸ் பக்கம் ஒரு தோட்ட வீட்டில் காப்பி அரைத்து, ஒரு கோப்பைக்கு ஒன்றாகக் காப்பி மெஷினில் போடும் சின்னக் கேப்சூலில் அடைக்கிறார்கள். செண்டாயானில் ஹோட்டல் நடத்தும் ஒருவர் மூன்று மணிக்கு ருசி பார்க்க வருவதாக இருந்தது. அவர் வேண்டாம் என்றால் விமலா பழையபடி தொழிற்சாலை வேலைக்குத்தான் போக வேண்டும். அதற்கு முன்னால் நான் குடித்துப் பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டுமாம்.

செரம்பானிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம், வாடகைக் காருக்கு நாற்பது மலேசிய வெள்ளி. “அங்க செம்பனை எண்ணெய்த் தோட்டம்தானே இருக்கு, காப்பி ஏது லா?” என்று டிரைவர் அண்ணன் சிரித்தார். கொட்டை ஜொகூரிலிருந்து வருகிறது என்று சொன்னேன்.

ஒரே தூள், மூன்று கேப்சூல். அலுமினியத்தில் வந்தது மணக்க மணக்க இருந்தது. பிளாஸ்டிக்கில் வந்தது கொஞ்சம் சப்பென்று இருந்தது. மூன்றாவது மண்ணில் மக்கிப்போகும் வகை. விமலா விற்க நினைப்பது இதைத்தான். தோட்டத்தில் குப்பை சேரக்கூடாது என்பது அவள் பிடிவாதம்.

ஒரு வாய் குடித்தேன். தூக்கிவாரிப் போட்டது. காப்பியே இல்லை, கற்பூரமும் சாம்பிராணியும்தான்!

“என்னடி இது, தீர்த்தமா?” என்றேன். சேகர் ஒரு மிடறு குடித்துவிட்டுத் துப்ப ஜன்னலுக்கு ஓடினார்.

“எங்கடி வச்சிருந்தே?” என்று விமலாவைக் கேட்டேன்.

“சாமி ரூம்லதான். முதல் சரக்கு ஆச்சே, மூணு வாரமா பூஜையில இருந்துச்சு,” என்றாள். முகம் வெளுத்துவிட்டது.

மூன்றும் ஒரே தட்டில் இருந்தவைதான். அலுமினியம் புகையை உள்ளே விடவில்லை. மக்கும் கேப்சூல் காப்பி மணத்தை வெளியே விட்டுவிட்டுச் சாம்பிராணியை வாங்கி வைத்துக்கொண்டது. எனக்கு நம்பவே முடியவில்லை.

வாசலில் ஹோட்டல்காரரின் கார் வந்து நின்றது. “பேசாம அலுமினியத்தையே குடுத்துருவோம்,” என்றார் சேகர்.

விமலா கேட்கவில்லை. வந்தவருக்கு அந்தக் கற்பூரக் காப்பியையே முதலில் கொடுத்தாள். அவர் முகத்தைச் சுளித்தார். “தப்பு எங்களோடதுதான் சார்,” என்று நடந்ததைச் சொல்லி, அன்று காலை அரைத்த தூளை அவர் கண்ணெதிரே இன்னொரு மக்கும் கேப்சூலில் அடைத்து மெஷினில் போட்டாள்.

அவர் குடித்தார். கோப்பையைக் கீழே வைக்காமல் கேட்டார்: “இந்த ருசி எத்தனை நாள் நிக்கும்?”

“காத்து புகாத டின்ல வச்சா ஒரு வாரம். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல.”

“அப்ப வாரா வாரம் கொண்டு வந்துருங்க லா.”

நானும் அதைக் குடித்தேன். மூன்று வார அலுமினியத்தைவிட நன்றாகவே இருந்தது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: திரும்பி வரப் பெடாஸில் சட்டென்று கார் கிடைக்காது, போன காரையே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மக்கும் கேப்சூல் வாங்கினால் மசாலா அலமாரியில் வைக்காதீர்கள், மூடிய டின்னில் போட்டுச் சீக்கிரம் குடித்துவிடுங்கள்.

கிளம்பும்போது சாமி அறையை எட்டிப் பார்த்தேன். தட்டில் கேப்சூல் ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் சாமிக்கு வைத்த ஒரு கோப்பைக் காப்பியிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.